க வராத பிள்ளை

என் மகனுக்கு நாலு வயது தாண்டியும் ‘க’ வரவில்லை. ‘க’ இருக்கிற இடத்திலெல்லாம் ‘த’ போட்டுவிடுவான். கதவு ததவு. கை தை. குருவி துலுவி. நான் விடியற்காலையில் ஏறிப் போகிற கம்பெனி பஸ் அவனுக்குத் ‘தம்பெனி பத்து’. ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரியைப் பார்த்துவிட்டால் ‘தந்தேனலு, தந்தேனலு’ என்று குதிப்பான். காக்கா தாத்தா ஆகிவிட்டது. ஊரிலிருந்து என் மாமனார் வீடியோ காலில் வந்த நேரம் பார்த்து, ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கையைக் காட்டி, “தாத்தா தலுப்பு” என்றான். மாமனார் உள்ளபடியே நல்ல கறுப்பு. நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது நான் சிரிக்கவில்லை. அந்தச் சில மாதங்கள் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரகடத்தில், காருக்கு உள்ளே பொருத்துகிற பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கடைசி மேசை என்னுடையது. மெஷினில் வார்த்து, ஓரம் சீவி, துடைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் வெள்ளை விளக்குக்கு அடியில் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்லதென்றால் பச்சைப் பொட்டு, கோளாறென்றால் சிவப்புப் பொட்டு. பொட்டு என்று நாங்கள் சொல்வது சுண்டுவிரல் நகம் அளவுள்ள வட்ட ஸ்டிக்கரை. ஒரு பீஸுக்குப் பத்து நொடிதான். கீறல், குமிழ், நிற மங்கல், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. என் மேசையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த பீஸ் ஒன்றுகூட இல்லை என்று சூப்பர்வைசர் புதுப் பெண்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பொய் சொல்வானேன்.

பேச்சு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய புண் இருந்தது. நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து ஹாஸ்டலில் சேர்ந்தபோது, வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். ‘அவிய வரட்டும்’, ‘பைய போங்க’ என்று நான் எதைச் சொன்னாலும் ஒருத்தி அதை இழுத்துச் சொல்லிக் காட்டுவாள். லைன் முழுக்கச் சிரிக்கும். ஒரு நாள் காலை மீட்டிங்கில் உறுதிமொழி வாசிக்க என்னை முன்னால் நிறுத்தினார்கள். இரண்டாவது வரியிலேயே பின்னாலிருந்து யாரோ என்னைப் போலவே திருப்பிச் சொன்னார்கள். டாய்லெட்டில் போய் நின்று அழுதேன். ஆறே மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்டேன். இப்போது கோபம் வந்தாலோ பிள்ளையைக் கொஞ்சினாலோதான் ஊர்ப் பேச்சு வரும். என் பிள்ளையைப் பார்த்து எவரும் பேச்சுக்காகச் சிரிக்கக் கூடாது என்று அவன் பிறந்தபோதே முடிவு செய்து வைத்திருந்தேன்.

நாங்கள் குடியிருந்தது வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில், லைன் வீடு. என் வீட்டுக்காரருக்கு லாரி கம்பெனியில் வேலை. எனக்குக் காலை ஷிப்ட், அவருக்கு மதியம். பிள்ளையை அவர் பகல் ஒரு மணிக்குப் பின்தெரு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவார். நான் நாலு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். அக்கா வீடு மாதா கோவிலை ஒட்டி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டன. பகலில் வீட்டில் ஒரு குரல் இருந்தால் நல்லாயிருக்கும் என்று அவரேதான் என் பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னோம், அவனுக்கு அவர் ‘பெலிம்மா’.

அக்கா அவனைத் திருத்தவே மாட்டார். அவன் பேச்சிலேயே அவனோடு பேசுவார். தம்பெனி பத்து வந்துச்சா, தந்தேனலு எத்தினி போச்சு என்று அவர் கேட்க, இவன் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பான். தெருமுனையிலேயே எனக்கு அவன் குரல் கேட்கும். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போதாததற்கு ‘இன்னா’வும் ‘வூடு’ம் வேறு கற்றுக்கொண்டு வந்தான். ஒரு பக்கம் த, இன்னொரு பக்கம் இன்னா, உருப்பட்ட மாதிரிதான் என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அது தானாக வரும், விடு என்றார். அவருக்கு எல்லாமே தானாகத்தான் வரும். சோறு, துவைத்த சட்டை, எல்லாம்.

அந்த ஜூனில் அவனை பிளே ஸ்கூலில் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்து அங்கேயிருந்த மிஸ் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல பெண், கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுச் சொல்லும்போது மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள், வீட்டில் கொஞ்சம் பேசிப் பழக்குங்கள் என்றார். அவர் சொன்னதில் ‘சிரிக்கிறார்கள்’ என்ற ஒன்று மட்டும்தான் என் காதில் விழுந்தது. பேசிப் பழக்குங்கள் என்றது விழவே இல்லை.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது, பச்சைப் பொட்டு ரோலில் மிச்சமிருந்த துண்டை, எப்படியும் குப்பைக்குப் போகிறதுதானே என்று, பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சாயங்காலம் டியூப்லைட்டுக்கு நேர் கீழே அவனை உட்கார வைத்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவேன், அவன் பெயர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் புறங்கையில் ஒரு பச்சைப் பொட்டு. தலை, பொட்டு. வாய், பொட்டு. பல், பொட்டு. கண்ணைத் தொட்டால் ‘தண்ணு’ என்பான், பொட்டு கிடையாது. மூக்கு ‘மூத்து’, கிடையாது. காது ‘தாது’, கிடையாது. “எங்க, மறுபடி சொல்லு” என்பேன். மறுபடி த. “எங்க, மறுபடி.” சிவப்புப் பொட்டு மட்டும் நான் கொண்டு வரவில்லை. அந்த அளவுக்குக் கொடுமைக்காரி இல்லை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் வாரம் அவனுக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. பொட்டு ஒட்டிய கையைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு போனான். இரண்டாவது வாரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. மேசையில் ஒரு பீஸ் பத்து நொடிக்கு மேல் நின்றால் எனக்குக் கை பரபரக்கும். இங்கே ஒரே ஒரு எழுத்து, பதினைந்து நாளாக அப்படியே நிற்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொல்லிச் சொல்லி என்னை நானே ஏற்றிக்கொண்டேன். போனில் யாரோ போட்டிருந்த வீடியோவில், நாக்கு நுனியை ஸ்பூன் காம்பால் அமுக்கிப் பிடித்தால் த வராது, க தானாக வந்துவிடும் என்று பார்த்தேன். பிடித்தேன். அவனுக்கு ஓக்காளித்து, குடித்த பால் முழுக்க என் மடியில் வந்தது. துடைத்துவிட்டு மறுநாளும் பிடித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் அது இன்னும் பெரிய தப்பு.

ஆகஸ்டில் தப்புகள் குறைய ஆரம்பித்தன. ஒரு சாயங்காலத்துக்கு இருபது முப்பது என்று வந்துகொண்டிருந்தது, நாலு ஐந்தாக இறங்கிவிட்டது. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பிஸ்கட் வேண்டுமென்றால் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரியைக் காட்டுவான். கதவைத் திறக்க வேண்டுமென்றால் கதவைத் தட்டிவிட்டு என்னைப் பார்ப்பான். பிள்ளை யோசித்து நடக்கிறான் என்று நினைத்தேன். அவன் என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது என்று தோன்றவில்லை. மெஷின் நின்றுபோனாலும் ரிஜெக்ட் குறையத்தான் செய்யும். லைனில் நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. எனக்குத் தெரியவில்லை, பாவி.

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் நான் அவனைக் கூட்டி வரப் போனபோது வாசலில் நிறுத்திக் கேட்டார்.

“இங்க இருக்க சொல்லோ நல்லா பேசிகினு கீது. உன் தலையப் பார்த்தா வாயத் தொறக்க மாட்டேங்குது. அத்த இன்னா பண்ற நீ?”

எனக்குச் சுருக்கென்றது. உங்களிடம் செல்லம், அதனால் கொழுப்பு, பெற்றவளுக்குத் தெரியாதா என் பிள்ளையை எப்படி வளர்க்கணும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அக்கா அவன் செருப்பை எடுத்து மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அந்த மாதம் இருபதாம் தேதி வாக்கில், வருஷா வருஷம் போகிற மாதிரி, அக்கா காவிச் சேலை கட்டிக்கொண்டு ஊர்க்காரர்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போனார். நடந்து போய்ச் சேர்ந்து, திருவிழாக் கொடி இறங்குகிறவரை இருந்துவிட்டுத் திரும்பி வர எப்படியும் மூன்று வாரம். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்குக் கொஞ்சமாக லீவைப் பங்கு போட்டுக்கொண்டோம். முதல் வாரம் என்னுடையது. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கெடுக்க ஆளில்லை, முழு நாளும் பிள்ளை என் கையில், இந்த வாரத்தில் க வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாவது நாள் மதியம் அவனுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. சளி முன்னாலேயே இருந்தது. சாயங்காலம் பாயில் புரண்டு புரண்டு அழுதான். தலையைத் தலையணையில் தேய்த்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டேன். பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

“எய்யா, எங்கய்யா வலிக்கு? அம்மாட்ட சொல்லு.”

அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். உதடு திறந்தது, மூடியது. கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சொன்னான்.

“தலை.”

சுத்தமாகச் சொன்னான். ஒரு பிசிறு இல்லை. நான் எழுந்து போய் நெற்றியில் தைலம் தடவினேன், காய்ச்சல் மருந்து ஊற்றினேன். அதோடு நிற்கவில்லை. அழுகிற நேரத்திலும் தெளிவாகச் சொன்னானே என்று, அவன் புறங்கையில் ஒரு பச்சைப் பொட்டும் ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் ஒட்டிய பொட்டுகள் எத்தனையோ லட்சம் இருக்கும். அந்த ஒன்றைத்தான் நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

இரண்டு நாள் அப்படியே போனது. காய்ச்சல் இறங்கும், ஏறும். கேட்கும்போதெல்லாம் தலை என்றான். மருந்துக்கடையில் சொல்லி வேறு மருந்து வாங்கினேன். ஆறாவது நாள் காலையில் அழுகை நின்றிருந்தது. அப்பாடா என்று அவன் தலையணையை எடுத்துத் தட்டப் போனேன். உறை மஞ்சளாக நனைந்திருந்தது. நாற்றம் அடித்தது. அவன் இடது காதிலிருந்து கன்னம் வரைக்கும் சீழ் வடிந்து காய்ந்திருந்தது.

வீட்டுக்காரர் பைக்கில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டு போனோம். காது டாக்டர் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்துவிட்டது என்றார். சீழ் கட்டி மூன்று நாளாவது துடித்திருக்க வேண்டும், முன்னாடியே வந்திருந்தால் மருந்திலேயே போயிருக்கும், பிள்ளை சொல்லவில்லையா என்று கேட்டார். தலை வலிக்கிறது என்றுதான் சொன்னான் என்றேன். டாக்டர் அவன் பக்கம் குனிந்து எங்கே வலித்தது என்று அவனையே கேட்டார். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, தலை என்றான். டாக்டர் சிரித்தார், இந்த வயசுப் பிள்ளைகளுக்கு வலிக்கிற இடம் தெரியாது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நானும் அதை நம்பினேன். நம்பத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

பேச்சைப் பற்றியும் அவரிடமே கேட்டேன். க வராததெல்லாம் சகஜம், நாலு நாலரை வயதில் தானாக வந்துவிடும், அதுவரைக்கும் பிள்ளையைப் பேச விடுங்கள், அது போதும் என்றார். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்கா திரும்பி வந்த அன்று எனக்கு வேலை இருந்தது. வழக்கம் போல நாலு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தேன். தெருமுனையிலேயே அவன் குரல் கேட்டது. மூன்று வாரமாக என் வீட்டில் கேட்காத குரல். ஓடாத குறையாகப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றப் போனபோதுதான் அவன் என்ன சொல்கிறான் என்று புரிந்து அப்படியே நின்றேன்.

“பெலிம்மா, தாது வலித்துது. லொம்ப வலித்துது. தாதுல தண்ணி வந்துது. பைத்துல போனோம். தாத்தல் ஊதி போத்தாங்த.”

பைக்கில் போனது, டாக்டர் ஊசி போட்டது எல்லாம் வரிசையாகச் சொன்னான். எந்தக் காது என்றும் சொன்னான். எப்போதிலிருந்து வலித்தது என்றுகூடச் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அக்கா கேட்டார்.

“அவ்ளோ வலிச்சுதே ராஜா, அம்மாவாண்ட ஏன் காதுன்னு சொல்லல?”

“தாது தொன்னா தப்பு” என்றான். “தலை தொன்னா பொத்து.”

பொத்து என்றால் என்ன என்று அக்காவுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. காது என்று சொன்னால் தப்பாகிவிடும், தலை என்று சொன்னால் பொட்டு கிடைக்கும். மூன்றரை வயதுப் பிள்ளை, வலி பொறுக்க முடியாமல் அழுதுகொண்டிருந்த நேரத்தில், எனக்குப் பிடிக்கிற மாதிரி தன் வாயில் சரியாக வருகிற ஓர் உறுப்பைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறது. நான் அதைச் சரிபார்த்துப் பொட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன்.

உள்ளே ஓடிப் போய் அவனைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காலை எடுத்து வைக்கவும் செய்தேன். ஆனால் நான் உள்ளே போனால் அவன் பேச்சு நின்றுவிடும். அது எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், தாத்தா வந்து இட்லியைத் தூக்கிக்கொண்டு போன கதை. கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. சாப்பாட்டுப் பையோடு அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் பிள்ளை பேசுவதைக் கேட்கிற மாதிரி, வெளியே நின்று கேட்டேன். அழுகை வந்தது, சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். அக்கா எதற்கோ வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். ஏன் வெளியே நின்னுகினு கீற என்று கேட்கவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய், அவன் கதையை முடிக்கும் வரைக்கும் கேட்டார்.

அன்றே பொட்டு ரோலைக் குப்பையில் போட்டேன். எப்படி வேண்டுமானாலும் சொல்லு ராசா, அம்மாவுக்கு எல்லாம் பிடிக்கும் என்று அவனிடம் சொன்னேன். நானே தம்பெனி பத்து என்று சொல்லிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. ஏதோ புதுப் பரீட்சை என்று நினைத்து என் கையைப் பார்த்தான், பொட்டு இருக்கிறதா என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

டாக்டர் சொன்ன மாதிரியே நாலேகால் வயதில் க வந்தது. என்னிடம் வரவில்லை, அக்கா வீட்டில் வந்தது. நாலு மணிக்குப் போனபோது, இன்னிக்கி காக்கான்னு சொல்லிச்சும்மா என்று அவர் மெதுவாகச் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். தாத்தா கறுப்பாக வந்து ஜன்னலில் உட்காருவது அன்றோடு நின்றது. அந்தப் பேச்சை ஒரு தடவைகூட நான் போனில் பதிந்து வைக்கவில்லை. தப்பான பேச்சைப் பதிந்து வைப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். சவ்வு மூடிவிட்டது, ஆனாலும் இடது காது கொஞ்சம் மந்தம்தான். நான் எப்போதும் அவன் வலது பக்கம்தான் உட்காருவேன். ஒப்பித்தல் போட்டியில் பரிசு வாங்குகிறான். க, ர, ழ எல்லாம் கணீரென்று வரும். மிஸ் என்னிடம் பாராட்டினார். அக்காவிடம் இன்றைக்கும் மூச்சு விடாமல் பேசுகிறான். என்னிடம் பேசுவதற்கு முன்னால் மட்டும் அவன் உதடு ஒரு தடவை சத்தமில்லாமல் அசையும். சொல்லிப் பார்த்துக்கொள்கிறான். அப்புறம்தான் எனக்குச் சொல்வான்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றாமலேயே உட்கார்ந்திருந்தான். அக்காவிடம் சொல்லியிருக்கிறான், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டைக் கையில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. தெரியாதது போல, தினமும் கேட்கிற மாதிரியேதான் கேட்டேன், எங்கயாவது வலிக்காய்யா என்று.

உதடு ஒரு தடவை அசைந்தது.

“இல்லம்மா” என்றான். அந்தச் சொல்லை அவன் மூன்று வயதிலேயே தப்பில்லாமல் சொல்லுவான்.